தொடாமல் எண்ணப்படும் மூச்சு

மாட்டின் உடம்பில் கை வைக்காமல், கழுத்தில் பட்டை கட்டாமல், கும்மிருட்டிலும் அதன் மூச்சைக் கணக்கெடுக்கும் ராடார் கருவிகள் ஆய்வுக்கூடத்தை விட்டுக் கொட்டிலுக்குள் வரத் தொடங்கியுள்ளன. இலங்கையின் நிந்தவூர் போன்ற ஒரு கரையோர ஊரின் பட்டிக்கு அவை எந்த அளவுக்குப் பொருந்தும்?

2022 டிசம்பர் 9ஆம் திகதி இரவு மாண்டஸ் புயல் தமிழ்நாட்டின் மாமல்லபுரம் அருகே கரையேறியது. இலங்கையின் மீது அது நேராக வரவில்லை. ஆனாலும் அந்த நாட்களில் அடித்த குளிர்காற்றும் விடாத மழையும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வெட்டவெளியில் நின்ற மாடுகளையும் எருமைகளையும் ஆடுகளையும் கூட்டங்கூட்டமாகச் சாய்த்தன. இறந்தவை 1,600க்கும் மேல் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. புதிதாக ஏதும் தொற்று வந்துவிட்டதோ என்று ஊர்கள் பதறின. மாதிரிகள் சோதனைக்குப் போயின. குளிர் தாங்காமலே அவை செத்தன என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

குளிரில் மாடு ஒரு நொடியில் சாவதில்லை. முதலில் உடம்பு நடுங்கும். மூச்சும் இதயத் துடிப்பும் கூடும். உடற்சூடு இறங்க இறங்க நடுக்கம் நின்று, மூச்சு மெதுவாகி, துடிப்புத் தளர்ந்து, கடைசியில் எழும்ப முடியாமல் படுத்துவிடும். இதற்கெல்லாம் மணிக்கணக்காகும். அந்த மணித்தியாலங்கள் பெரும்பாலும் நடுச்சாமத்துக்கும் சுபஹுக்கும் இடையில் கழிந்துவிடுகின்றன. காலையில் பட்டிக்கு வருகிறவர் பார்ப்பது கடைசிக் கட்டத்தை மட்டுந்தான்.

ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஒவ்வொரு மாட்டின் விலாவையும் பார்த்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்க எந்த மனிதனாலும் முடியாது. கூரையில் தொங்கும், சிறு சில்லொன்றைக் கொண்ட ராடார் உணரிக்கு அது முடியும் என்று கடந்த பதினைந்து இருபது வருட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விமானத்தையும் கப்பலையும் தேடப் பிறந்த கருவி, இன்று குதிரையின், நாயின், பூனையின், கரடியின், கறவை மாட்டின் மார்பு ஏறி இறங்குவதை மில்லிமீற்றர் கணக்கில் அளக்கிறது.

வெள்ளாமைக்கும் கடலுக்கும் நடுவே

காரைதீவுக்குத் தெற்கே, ஒலுவிலுக்கு வடக்கே, கிழக்கில் கடலும் மேற்கில் வயலுமாக நெருங்கிக் கிடக்கும் ஊர் நிந்தவூர். தெற்கே களியோடை ஆறு. வீட்டு வளவுக்குள் நாலைந்து ஆடு, ஒரு கோழிக்கூடு. வயற்கரையில் மாட்டுப் பட்டி. அம்பாறைக் கரையோரத்தில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை இந்தக் காட்சி பெரிதாக மாறுவதில்லை.

இங்கே கால்நடையின் வருடம் வெள்ளாமையின் வருடத்தோடு பின்னப்பட்டது. அறுவடை முடிந்ததும் தாள் நிற்கும் வயல்களில் மாடுகள் பரந்து மேயும். பெரும்போகத்துக்கு வயல் உழத் தொடங்கியதும் அவற்றுக்கு வயலில் இடமில்லை. மேட்டு நிலங்களையும் காட்டோரங்களையும் நோக்கி ஓட்டப்படும். மேய்ச்சல் தரைக்கான இழுபறி இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. வட்டமடு மேய்ச்சல் நிலத்தின் பெயர் பல வருடங்களாகச் செய்திகளில் அடிபடுகிறது. ஆக, வடகீழ் பருவமழையும் வாடைக் காற்றும் தொற்றும் ஒன்றாக வரும் மாதங்களில்தான் மாடுகள் குறைந்த நிலத்தில், சேற்றில், நெருக்கமாக அடைபட்டு நிற்கின்றன. உரிமையாளர் வீட்டிலிருந்து அவை தூரத்தில் இருப்பதும் அப்போதுதான்.

வருடத்தின் மறுபாதியில் தொல்லை வெயிலால் வருகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் மரநிழலில் நிற்கும் மாட்டின் வயிறு படபடவென்று அடித்துக்கொள்வதை யாரும் பார்க்கலாம்.

பிறகு ஹஜ்ஜுப் பெருநாள். உழ்ஹிய்யா என்ற பெருநாள் பலிக்கு வாங்கும் மாடோ ஆடோ குருடாகவோ, நொண்டியாகவோ, வெளிப்படையாக நோயுற்றதாகவோ, எலும்பும் தோலுமாகவோ இருக்கக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். வாங்குகிறவர் கண்ணைப் பார்ப்பார், பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். லொறியில் நெடுந்தூரம் வந்து இறங்கிய மாட்டுக்கு உள்ளே காய்ச்சல் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து அறிவது எளிதல்ல.

மூச்சு ஏன் முந்திக்கொள்கிறது?

கால்நடை வைத்தியர் கொட்டிலுக்குள் வந்ததும் மூன்றைப் பார்ப்பார்: உடற்சூடு, நாடி, மூச்சு. இவற்றில் மூச்சுத்தான் தூரத்திலிருந்தே எண்ணக்கூடியது. விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளம் ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தோடு ஒரு நிமிடம் பார்த்தால் போதும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த மாடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 35 தடவை மூச்சு விடும்.

வெப்பம் கூடினால் இந்த எண்ணிக்கைதான் முதலில் ஏறும். மாட்டுக்கு வியர்வை உண்டு. ஆனால் ஈரப்பதன் நிறைந்த கரையோரத்தில் வியர்வை எளிதில் காய்வதில்லை. எனவே மூச்சை வேகப்படுத்தி, ஈரக்காற்றோடு சூட்டை வெளியே தள்ளுகிறது. நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் வெப்ப அயர்ச்சி என்று கொள்வது வழக்கம். அதற்குப் பிறகுதான் தீனி குறையும், பால் குறையும், சினை பிடிப்பது தவறும். பால் குறைந்ததைப் பார்த்து வெப்பத்தை அறிகிறவர் பல நாள் பிந்தி அறிகிறார்.

நோயிலும் இப்படித்தான். இலங்கையின் உலர் வலயத்தில் மாட்டையும் எருமையையும் மழைக்காலத்தில் வாரிக்கொண்டு போகும் தொண்டை அடைப்பான் நோயை எடுத்துக்கொள்வோம். பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா தருவது. அதைப் பற்றி உலகளவில் மேற்கோள் காட்டப்படும் நூலை 1999இல் எழுதியவர் இலங்கையின் கால்நடை விஞ்ஞானி எம்.சி.எல். டி அல்விஸ். உடற்சூடு 41, 42 செல்சியஸுக்கு ஏறும், வாயில் நீர் வடியும், தொண்டை வீங்கும், மூச்சு முட்டும். அறிகுறி தெரிந்த 24 மணித்தியாலத்துக்குள் விலங்கு செத்துவிடுவது சாதாரணம். காய்ச்சல் தொடங்கும் கட்டத்திலேயே நுண்ணுயிர்க்கொல்லி ஏற்றினால் காப்பாற்ற வழியுண்டு. தொண்டை வீங்கிப் படுத்த பிறகு ஏற்றும் மருந்து பெரும்பாலும் வீண். தடுப்பூசிக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஊசி தவறிய பட்டியில், மாலை ஆறு மணிக்குக் கண்டுபிடிப்பதற்கும் மறுநாள் காலை ஆறு மணிக்குக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு ஒரு மாட்டின் விலை.

மூச்சை எண்ணுவதன் பயன் இந்த நேரத்தில்தான் இருக்கிறது. மாட்டுக்கு என்ன நோய் என்று ராடார் சொல்லாது. நேற்று இதே நேரத்தில் 24 ஆக இருந்த மூச்சு இன்று 48 ஆகிவிட்டது, வந்து பார் என்று மட்டும் சொல்லும்.

அலை எப்படி எண்ணுகிறது?

கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதைப் போல, ராடார் அனுப்பும் வானொலி அலை எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்புகிறது. பொருள் அசைந்தால் திரும்பும் அலை சற்று முந்தியோ பிந்தியோ வரும். அந்த முந்தல் பிந்தலை இயற்பியலில் அவத்தை மாற்றம் என்பார்கள். எவ்வளவு சிறிய அசைவைக் காண முடியும் என்பதை அலைநீளம் தீர்மானிக்கிறது.

இன்று பரவலாகப் பயன்படும் 60 கிகாஹெர்ட்ஸ் ராடாரின் அலைநீளம் 5 மில்லிமீற்றர். மாட்டின் விலா 1 மில்லிமீற்றர் வெளியே புடைத்தால், அலை போய்வரும் பாதை 2 மில்லிமீற்றர் குறையும். அதாவது ஒரு அலையின் ஐந்தில் இரண்டு பங்கு. 360 பாகைச் சுற்றில் 144 பாகை. மலிவான சில்லும் தவறவிட முடியாத மாற்றம் இது. இதயத் துடிப்பால் தோல் அசைவது இதிலும் மிகக் குறைவு. பத்தில் ஒரு மில்லிமீற்றர் என்று வைத்தால் 14 பாகை. அதையும் பிடிக்கலாம், ஆனால் விலங்கு அசையாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது நுட்பம் தூரத்தைப் பிரிப்பது. அலையின் மீடிறனை (அதிர்வெண்ணை) கீழிருந்து மேலாக மீண்டும் மீண்டும் இழுத்து அனுப்பும் ராடார்கள், திரும்பி வந்த அலையைத் தூர வாரியாகக் கூறுபோட்டுத் தரும். 4 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இழுத்தால் 3.75 சென்ரிமீற்றர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களைக்கூடத் தனித்தனியாகக் காட்டலாம். முன்னால் உள்ள கம்பியை விட்டுவிட்டுப் பின்னால் நிற்கும் மாட்டின் விலாவை மட்டும் கவனிக்க இது உதவுகிறது.

இந்த அலை உடம்பைத் துளைத்து இதயத்தைப் பார்ப்பதாகச் சிலர் நினைப்பதுண்டு. 60 கிகாஹெர்ட்ஸ் அலை தோலுக்குள் ஒரு மில்லிமீற்றர்கூட இறங்காது. உள்ளே நடப்பது தோலின் மேல் எழுதும் அசைவைத்தான் அது வாசிக்கிறது. வெளிவிடும் சக்தி மில்லிவாட் கணக்கில். எக்ஸ்ரே போல அணுக்களைச் சிதைக்கும் கதிரும் அல்ல. இருட்டு, புகை, தூசி, சிலந்தி வலை எதுவும் அதற்குப் பெரிய தடையில்லை. கொசு விரட்ட மூட்டம் போடும் பட்டியில் கமெரா கண்ணை மூடிக்கொள்ளும். ராடாருக்கு அந்தக் கவலையில்லை.

திருகோணமலையிலிருந்து கொட்டில் வரை

கிழக்குக் கரை ராடாரை அறிந்து 80 வருடங்களுக்கு மேலாகிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியக் குண்டு விமானங்கள் திருகோணமலையை நெருங்கியபோது அங்கிருந்த பிரித்தானிய ராடார் நிலையம் அவற்றை முன்கூட்டியே கண்டது. நாலு நாள் முன்பு கொழும்புக்கு அந்த எச்சரிக்கை கிடைத்திருக்கவில்லை. அதே 9ஆம் திகதிதான் ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

மூச்சின் பக்கம் ராடார் திரும்பியது 1970களில். ஜேம்ஸ் லின் என்ற ஆய்வாளர் மனிதரின், விலங்கின் மூச்சசைவை நுண்ணலையால் தொடாமல் அளக்கும் முறையை 1975இல் வெளியிட்டார். 1986இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் குன்-மு சென் குழு, ஏறத்தாழ 30 மீற்றர் தூரத்தில் தரையில் கிடக்கும் மனிதரின் மூச்சையும் துடிப்பையும் கண்டறியும் கருவியைக் காட்டியது. சுவருக்குப் பின்னால் இருப்பவரையும் அது கண்டது. 2015 ஏப்ரலில் நேபாள நிலநடுக்கத்தின்போது, நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் உருவான ஃபைண்டர் என்ற ராடார், சௌதாரா என்ற இடத்தில் இடிபாட்டுக்குள் புதையுண்ட நாலு பேரின் இதயத் துடிப்பைக் காட்டிக்கொடுத்தது. நால்வரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு விலையும் அளவும் சட்டென்று இறங்கின. படுக்கையருகே வைத்தால் தூங்குபவரின் மூச்சைக் கணக்கெடுக்கும் நெஸ்ட் ஹப் கருவியைக் கூகுள் 2021இல் விற்பனைக்கு விட்டது. உள்ளே இருந்தது 60 கிகாஹெர்ட்ஸ் ராடார்ச் சில்லு. பூட்டிய காருக்குள் விட்டுச்செல்லப்பட்ட குழந்தையைக் கண்டறியும் வசதிக்கு ஐரோப்பியக் கார்ப் பாதுகாப்பு மதிப்பீடான யூரோ என்கேப் 2023 முதல் புள்ளி வழங்குகிறது. அந்த வேலைக்கும் பல உற்பத்தியாளர்கள் ராடாரையே எடுத்துக்கொண்டார்கள். கார்களுக்காகவும் வீடுகளுக்காகவும் இலட்சக்கணக்கில் அச்சாகும் சில்லுத்தான் இப்போது மாட்டுக் கொட்டிலுக்கும் கிடைக்கிறது.

கரடி, குதிரை, பச்சோந்தி

விலங்குகளில் இந்த நுட்பத்தின் அருமையை நன்றாகக் காட்டியது ஒரு தூங்கும் கரடி. குளிர்காலத் துயிலில் இருக்கும் கரடியைத் தொட்டால் எழுந்துவிடும். எழுந்தால் பனிக்காலத்துக்குச் சேமித்த கொழுப்பு வீணாகும். ஜப்பானிய ஆய்வாளர்கள் துயிலும் கருங்கரடியின் மூச்சை நுண்ணலை ராடாரால் நீண்டகாலம் கண்காணிக்கும் முறையை 2009இல் விலங்குக் காட்சிச்சாலை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். கரடிக்கு எதுவும் தெரியவில்லை.

2012இல் ஹவாயில் இன்னொரு வகைச் சோதனை. ஜக்சன் பச்சோந்தியின் அசைவைப் பல டொப்ளர் ராடார்களால் படித்தார்கள். இலையோடு இலையாகத் தெரியாமல் நிற்பது பச்சோந்தியின் கலை. அந்த ஒளிப்பு கமெராவை ஏமாற்றும். ராடாருக்கு நிறமே தெரியாது.

2020இல் சீனாவின் ஆய்வாளர்கள் நாயையும் பூனையையும் அகலப்பட்டை ராடாருக்கு முன்னால் நிறுத்தி, ரோமத்துக்கு மேலாகவே மூச்சையும் துடிப்பையும் அளந்தார்கள். மயிரை மழிக்கவோ மின்முனை ஒட்டவோ வேண்டியிருக்கவில்லை. 2022இல் கியோத்தோப் பல்கலைக்கழகத்தார் நின்றுகொண்டிருக்கும் குதிரையின் மூச்சை மில்லிமீற்றர் அலை ராடாரால் அளந்து காட்டினார்கள். படுத்திருக்கும் விலங்கைவிட நிற்கும் விலங்கு கடினம்: அது கால் மாற்றும், உடம்பு ஆடும். பல உணர்கொம்புகளை வரிசையாக வைத்து, உடம்பின் எந்தப் பகுதியிலிருந்து மூச்சு தெளிவாக வருகிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே அவர்களின் வழி.

நமக்கு மிக அருகில் வருவது தாய்வான் ஆய்வு. அங்கும் ஈரப்பதனும் வெப்பமும் கறவை மாட்டின் பெரிய எதிரிகள். கொட்டிலில் உள்ள கறவை மாடுகளின் மூச்சு வேகத்தை மீடிறன் இழுக்கும் வகை ராடாரால் அளக்கும் முறைமையை அங்குள்ள ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டார்கள். அவர்களும் முதலில் கண்வைத்தது இதயத் துடிப்பில் அல்ல, மூச்சு வேகத்தில்.

அசைபோடும் மாடும் அசையும் வாலும்

ஆய்வுக் கட்டுரையில் அழகாக வரும் அலைவரைபு கொட்டிலில் ஏன் குழம்புகிறது என்பதற்கு மாடே சாட்சி. ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணித்தியாலம் வரை அது அசைபோடும். தாடை நிமிடத்துக்கு 40 முதல் 70 தடவை அசையும். மாட்டின் இதயம் துடிப்பது நிமிடத்துக்கு 48 முதல் 84 தடவை. இரண்டும் ஒரே வீச்சுக்குள் வந்து விழுகின்றன. தாடையின் அசைவோ தோலின் துடிப்பசைவைவிடப் பன்மடங்கு பெரிது. தலைப்பக்கம் உணரியை வைத்து இதயத்தைத் தேடினால் கிடைப்பது மெல்லும் கணக்குத்தான். பக்கவாட்டிலோ மேலிருந்தோ விலாவை மட்டும் குறிவைப்பது ஒரு தீர்வு. கவளத்தை விழுங்கி அடுத்ததை மேலே கொண்டுவரும் சில நொடிகளில் தாடை நிற்கும். அந்த இடைவெளியில் அளப்பது இன்னொன்று.

அந்தத் தொல்லையே ஒரு தகவலுமாகும். நோயுறும் மாடு முதலில் குறைப்பவற்றுள் அசைபோடுவதும் ஒன்று. கழுத்துப் பட்டைக் கருவிகள் பல நாடுகளில் விற்கப்படுவதே இந்தக் கணக்கை நம்பித்தான். மூச்சையும் அசைபோடும் நேரத்தையும் ஒரே ராடார் சேர்த்துத் தந்தால், இதயத் துடிப்பு இல்லாமலே பாதி நோயறிதல் முடிந்துவிடும்.

நெருக்கம் அடுத்த சிக்கல். தூரத்தைப் பிரிப்பதில் ராடார் கெட்டி. திசையைப் பிரிப்பதில் சிறிய ராடார் பலவீனம். உணரியிலிருந்து ஒரே தூரத்தில் ஒட்டி நிற்கும் இரண்டு மாடுகளின் மூச்சு ஒன்றோடொன்று கலந்துவிடும். எந்த மாடு எது என்பதும் அதற்குத் தெரியாது. தனித்தனி இடத்தில் கட்டும் கொட்டிலில் இது பிரச்சினையில்லை. கட்டின்றிக் கிடக்கும் பட்டியில் காது வில்லையோ கமெராவோ துணைக்கு வேண்டும்.

பிறகு மழை. ஈரமான மயிரில் வழியும் நீர், ஓயாமல் விழும் துளி, காற்றில் அடிக்கும் தறப்பாள், ஆடும் மரக்கிளை எல்லாமே ராடாருக்கு அசைவுதான். கருவி மிக அதிகமாகத் தேவைப்படும் இரவில்தான் அதற்கு மிக அதிகமான இரைச்சலும் இருக்கும். கூரையும் மூன்று பக்க மறைப்பும் உள்ள இடத்தில் இந்த இரைச்சல் வெகுவாகக் குறையும். அப்படி ஒரு மறைப்பு இருந்தால் குளிரில் சாவதும் குறையும் என்பதை மறந்துவிடக் கூடாது. எந்த உணரியையும் வாங்குமுன் செய்ய வேண்டிய செலவு அதுதான்.

கோழிக்கும் கடல்வாழ் உயிர்களுக்கும் இது உதவுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நெருக்கியடித்து நிற்கும் இறைச்சிக் கோழிகளில் தனிக்கோழியின் மூச்சைப் பிரித்தெடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. கடல்நீரோ இந்த அலையை உடனே விழுங்கிவிடும்.

ஓய்வில் இருக்கும்போது

மாடு: நிமிடத்துக்கு மூச்சு 15 – 35, இதயத் துடிப்பு 48 – 84.
ஆடு: மூச்சு 15 – 30, இதயத் துடிப்பு 70 – 90.
குதிரை: மூச்சு 8 – 16, இதயத் துடிப்பு 28 – 40.
யானை: மூச்சு 4 – 12, இதயத் துடிப்பு 25 – 35.
குட்டிகளுக்கும் கன்றுகளுக்கும் இரண்டும் கூடுதலாக இருக்கும். வெயில், ஓட்டம், பயம், சினை ஆகியவற்றாலும் கூடும்.

நெருங்க முடியாத விலங்கு

வீட்டு மாட்டைத் தொடலாம், பிடிக்கலாம். உணரி அங்கே ஆட்செலவை மிச்சப்படுத்துகிறது. தொடவே முடியாத விலங்குக்கு அது இன்னும் பெரிய உதவி.

அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டுக் குப்பைமேடு 2022 ஜனவரியில் உலகச் செய்தியானது. குப்பையோடு பிளாஸ்ரிக்கைத் தின்று, எட்டு வருடங்களில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே இறந்ததாக அப்போது செய்திகள் கூறின. இந்தக் கரையோர ஊர்களின் குப்பையும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படிச் சுகவீனமுற்ற யானை பற்றைக்குள் சாய்ந்து கிடக்கும்போது வனஜீவராசிகள் வைத்தியருக்கு முதலில் தெரிய வேண்டியது அது எப்படி மூச்சு விடுகிறது என்பது. தன் எடையே நெஞ்சை அழுத்துவதால் யானை நெடுநேரம் சாய்ந்து கிடப்பது ஆபத்து. நிமிடத்துக்கு நாலைந்து தடவை மட்டும் மூச்சு விடும் விலங்கில் அதைக் கண்ணால் எண்ணவும் பொறுமை வேண்டும். அருகே போகவும் துணிவு வேண்டும். பத்து மீற்றருக்கு அப்பால் ஒரு முக்காலியில் நிற்கும் ராடார் அந்த வேலையைச் செய்யலாம்.

உடவளவையில் 1995 முதல் இயங்கும் யானைக் குட்டிகளின் இடைத்தங்கல் நிலையமும் இதற்கு இயல்பான இடம். தாயை இழந்த குட்டிகள் அங்கே வளர்க்கப்பட்டு மீண்டும் காட்டுக்கு விடப்படுகின்றன. மனிதரோடு பழகிவிடக் கூடாது என்பதற்காகப் பால் கொடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் ஆட்கள் நெருங்குவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மனித வாசனையே இல்லாமல் மூச்சைக் கண்காணிக்கும் கருவி அந்தக் கொள்கைக்கு முரணாகாது.

இந்தக் கரைக்கு எங்கே பொருந்தும்?

விற்பனைப் பிரசுரங்கள் காட்டுவது நூற்றுக்கணக்கான கறவை மாடுகள் வரிசையாக நிற்கும் குளிரூட்டிய கொட்டில். நிந்தவூர்ப் பக்கத்துப் பட்டி அப்படிப்பட்டதல்ல. பகல் முழுக்கச் சுற்றி மேயும் மாட்டின் பின்னால் எந்த ராடாரும் போகாது. ஆனால் எல்லா மாடும் இரவில் ஓரிடத்துக்கு வருகிறது. ஆபத்தான மணித்தியாலங்களும் இரவில்தான்.

அதற்குள்ளும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. ஒன்று கன்றுக் கொட்டில்: கன்றுகள் மறைவில், சிறிய இடத்தில், கட்டப்பட்டு நிற்கின்றன; குளிருக்கும் மூச்சுநோய்க்கும் முதலில் பலியாவதும் அவைதான். இன்னொன்று ஈனப்போகும் பசுவையும் நோயுற்ற மாட்டையும் தனியே கட்டும் இடம். மூன்றாவது, பெருநாள் காலத்தில் வெளியூர் மாடுகள் வந்து இறங்கும் தொழுவம். இறங்கிய மாட்டை ஓரிரவு ஓய்வில் விட்டு மூச்சைக் கணக்கெடுத்தால், விலை பேசுமுன்பே காய்ச்சல் மாட்டைத் தனியே கட்டலாம். கால்வாய் நோயும் தோல் கழலை நோயும் வாகனமேறி ஊர்விட்டு ஊர் போவதை அறிந்த மாவட்டத்துக்கு அது சிறிய லாபமல்ல. தோல் கழலை நோய் இலங்கைக்குள் முதலில் உறுதியானது 2020இல், வடக்கில்.

பொருட்செலவு முன்போலத் தடையாக இல்லை. ஆள் இருக்கிறாரா என்று மட்டும் பார்க்கும் 24 கிகாஹெர்ட்ஸ் துண்டுகள் சில டொலருக்குக் கிடைக்கின்றன. மூச்சை ஒழுங்காக எண்ணும் 60 கிகாஹெர்ட்ஸ் பலகைகள் அதைவிடப் பன்மடங்கு விலை. மின்சாரம் கைத்தொலைபேசி மின்னேற்றும் அளவு போதும். சிறிய சூரியத் தகடு தாங்கும். வானொலி அலை வெளிவிடும் கருவி என்பதால் இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.

ஆள் பலமும் அருகிலேயே இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம். நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில். கெட்டம்பேயைத் தலைமையிடமாகக் கொண்ட கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் அதற்கு அருகில். சில்லு வாங்கும் காசைவிடக் கடினமானது இவர்களை ஒரே கொட்டிலில் ஒன்றாக நிறுத்துவது. இலத்திரனியல் படித்தவருக்கு மாடு எப்படி அசைபோடும் என்று தெரியாது. மாடு வளர்ப்பவருக்கு அவத்தை மாற்றம் தெரியாது.

சோதனை எப்படி இருக்க வேண்டும் என்பதில் பெரிய மர்மம் எதுவுமில்லை. ஒரு கன்றுக் கொட்டில். கூரையில் ஒரு உணரி. பக்கத்தில் கடிகாரமும் ஸ்டெதஸ்கோப்பும் வைத்துக்கொண்டு குறிப்பெடுக்கும் ஒரு மாணவர். கை எண்ணிய மூச்சும் ராடார் எண்ணிய மூச்சும் எத்தனை தடவை ஒத்துப்போகின்றன, மழையில் எத்தனை தடவை தவறுகின்றன என்று முதலில் எழுதிவைக்க வேண்டும். தாய்வானின் மாட்டுக்கும் ஜப்பானின் குதிரைக்கும் பொருந்திய கணக்கு, சேற்றில் ஊறிய மயிரோடு நிற்கும் நம் நாட்டு மாட்டுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அலாரம் அடித்த பிறகு என்ன என்பதையும் முன்கூட்டியே தீர்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு உரிமையாளரின் கைத்தொலைபேசிக்கு ஒரு குறுந்தகவல் வந்தால், அவர் ஓட்டோ பிடித்துப் பட்டிக்குப் போகலாம். சாக்குப் போர்த்தலாம், தீ மூட்டலாம், கன்றை மறைவுக்கு இழுக்கலாம். ஊசி போட வைத்தியர் வேண்டும். அரச கால்நடை வைத்திய அலுவலகம் காலையில்தான் திறக்கும். ஆகவே எச்சரிக்கையை உரிமையாளருக்கு மட்டும் அனுப்பாமல் அந்தப் பிரிவின் கால்நடை வைத்தியருக்கும் அனுப்புவதா, இரவு அழைப்புக்கான கொடுப்பனவை யார் தருவது, பொய் எச்சரிக்கை இத்தனைக்கு மேல் வந்தால் கருவியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்பவை உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டிய வரிகள்.

கச்சான் வீசும் மாதங்கள் இந்தச் சோதனைக்கு ஏற்றவை. மழை இரைச்சல் இல்லாமல் வெப்ப மூச்சை அளந்து கருவியைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஒக்டோபரில் பெரும்போக வேலை தொடங்கி மாடுகள் மேட்டுக்கு ஓட்டப்படும்போது, எந்தக் கொட்டிலில் உணரியை நிரந்தரமாக மாட்டுவது, எந்தக் கொட்டிலுக்கு வெறும் தகரமும் தறப்பாளும் போதும் என்று அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம்.